கழுத்தில் குழாய்... கையில் காகிதம்!

நம் இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் வாழை, நெல் பற்றியவற்றை ஆசிரியர் குழு எனக்கு அனுப்பிவைக்கும். வாடல் நோய்க்கு என்ன செய்வது, குருத்துப்பூச்சிக்கு எப்போது மருந்து அடிப்பது, பயிர்க் காப்பீட்டுக்கு எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். சென்ற மாதம் வந்த ஒரு கடிதத்தில் முதல் பாதி வாழையைப் பற்றி இருந்தது. மறுபாதியில் அந்த வாசகர் இப்படி எழுதியிருந்தார்:

‘அப்பாவுக்கு 58 வயது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. கழுத்தில் குழாய் போட்டு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்கிறார்கள். மூன்று மாதம் ஆகிறது. அடிக்கடி குளிர்க்காய்ச்சல் வருகிறது. அப்பா தோட்டத்துக்குப் போகலாமா? அந்தக் குழாயால் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? டாக்டரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.’

கடிதத்தில் போன் நம்பர் இருந்தது. அன்றைக்கே கூப்பிட்டு, “தம்பி, வாழையைப் பத்தி அப்புறம் பேசலாம். கழுத்துல குழாய் இருக்கிறவருக்குக் குளிர் நடுக்கம் வந்தா, அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. இப்பவே டயாலிசிஸ் பண்ற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரத்தத்தை எடுத்து கல்ச்சர் டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேளுங்க” என்றேன். அவர் கேட்ட மற்ற கேள்விகளுக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தக் கேள்வியோடு இன்னும் பல குடும்பங்கள் இருக்கும் என்பதால் ஆசிரியர் குழுவும் எழுதச் சொன்னார்கள்.

நான் படித்தது வேளாண்மை. மருத்துவமோ சட்டமோ இல்லை. ஆனால், என் அண்ணன் 2021-ம் ஆண்டிலிருந்து டயாலிசிஸில் இருக்கிறார். அவரோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தும், சிறுநீரக மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டும் தெரிந்துகொண்டவை இவை. மருந்து, அளவு எதையும் நான் சொல்லப்போவதில்லை. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அண்ணனுக்குக் குழாய் வந்த கதை

அண்ணனுக்கு மூன்று ஏக்கர். இரண்டு ஏக்கர் வாழை, ஒரு ஏக்கர் நெல். பத்து வருடத்துக்கும் மேலாகச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரையும் உண்டு. 2021-ம் ஆண்டு ஐப்பசி அடைமழையில், ஒருநாள் இரவு மூச்சு விட முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, ரத்தத்தில் பொட்டாசியம் அதிகம், உடனே டயாலிசிஸ் செய்யாவிட்டால் இதயம் நின்றுவிடும் என்றார்கள். வலது பக்கக் கழுத்தில் குழாய் போட்டார்கள். விடிவதற்குள் அண்ணன் படுத்துத் தூங்கினார்.

அந்த இரவில் அந்தக் குழாய்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், கழுத்துக் குழாய் என்றாலே ஆபத்து, வேண்டாம் என்று யாராவது மறுத்துவிடக் கூடும். அவசரத்தில் டயாலிசிஸ் செய்ய அதைவிட வேகமான வழி இல்லை. சிக்கல் அது போடப்பட்ட இரவில் இல்லை. எத்தனை நாள் அங்கேயே கிடந்தது என்பதில்தான் இருக்கிறது.

ஐந்தாவது நாள் டிஸ்சார்ஜ் செய்தார்கள். வாரம் இரண்டு முறை வரச் சொன்னார்கள். குழாயை எப்போது எடுப்பார்கள், அடுத்து என்ன வழி என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லை. அண்ணன் கேட்டபோது, “இப்போதைக்கு இதுலயே ஓடட்டும் ஐயா” என்றாராம் அங்கிருந்தவர். அப்படியே நான்கு மாதம் ஓடியது.

அது என்ன குழாய்?

டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்துக்கு 200 முதல் 300 மில்லி ரத்தத்தை வெளியே இழுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிறது. நான்கு மணி நேரம் இது நடக்கும். ஊசி போடும் சாதாரண நரம்பு அந்த வேகத்துக்குத் தாங்காது. அதனால் உடம்புக்குள் போக ஒரு பெரிய வழி வேண்டும். அதற்கு இரண்டு முக்கிய ஏற்பாடுகள் உண்டு.

ஒன்று கதீட்டர் என்கிற குழாய். கழுத்தில் அல்லது தொடையில் உள்ள பெரிய சிரைக்குள் செருகுவார்கள். கழுத்தில் போட்டால் அதன் நுனி இதயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். வெளியே சிவப்பு, நீலம் என்று இரண்டு கிளை தெரியும். சிவப்பில் ரத்தம் வெளியே வரும், நீலத்தில் திரும்பப் போகும். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் ரத்தம் உறைந்து அடைக்காமலிருக்க, இரண்டு கிளைக்குள்ளும் ஹெபாரின் போன்ற மருந்தை நிரப்பி மூடிவைப்பார்கள்.

கதீட்டரிலும் இரண்டு வகை இருக்கிறது. அவசரத்துக்குப் போடும் தற்காலிகக் குழாய் தோலிலிருந்து நேராக ரத்தநாளத்துக்குள் போகிறது. இதை இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதே மருத்துவ வழிகாட்டுதல். இன்னொன்றை ‘பெர்ம்கேத்’ என்கிறார்கள். அது தோலுக்கு அடியில் கொஞ்ச தூரம் சுரங்கம்போல ஓடி, நெஞ்சுக்கு மேலே வெளியே வரும். உள்ளே துணி போன்ற ஒரு வளையம் இருக்கும். சதை அதில் வளர்ந்து பிடித்துக்கொள்வதால் கிருமி எளிதில் உள்ளே போகாது. இது மாதக்கணக்கில் இருக்கலாம். ஆனாலும் ஆபத்து முழுசாகப் போய்விடுவதில்லை.

இரண்டாவது ஏற்பாடு ஃபிஸ்டுலா. மணிக்கட்டிலோ முழங்கையிலோ தமனியையும் சிரையையும் சின்ன அறுவை சிகிச்சையில் இணைத்துவிடுவார்கள். தமனி ரத்தம் வேகமாகப் பாய்ந்து, சிரை தடித்துப் பெரிதாகும். அதில் ஊசி போட்டு டயாலிசிஸ் செய்யலாம். 1966-ம் ஆண்டு நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ என்ற மருத்துவர்கள் தங்கள் குழுவோடு வெளியிட்ட முறை இது. அறுபது வருடம் ஆகியும், பொருந்துகிற நோயாளிக்கு இதுதான் சிறந்த வழியாக இருக்கிறது. வெளியே எந்தக் குழாயும் தொங்காது என்பதால் தொற்று குறைவு.

ஒரே குறை, இதற்கு அவகாசம் வேண்டும். அறுவை செய்த பிறகு சிரை முதிர்வதற்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம்வரை ஆகும். திசுவாழைக் கன்றை வாங்கி வந்த அன்றே தார் வெட்ட முடியாதல்லவா? அதனால்தான் கழுத்தில் குழாய் போட்ட வாரத்திலேயே ஃபிஸ்டுலாவைப் பற்றிப் பேச்சு தொடங்க வேண்டும். இதயம் மிகவும் பலவீனமானவர்கள், ரத்தநாளம் மெலிந்தவர்கள் என்று சிலருக்கு ஃபிஸ்டுலா சரிப்படாது. அதையும் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வயிற்றின் வழியாக வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸும் உண்டு. அதற்கான திரவப் பைகள், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. அதைப் பற்றியும் கேளுங்கள்.

மூன்று காய்ச்சல்

அண்ணனுக்கு இரண்டாவது மாதம் முதல் காய்ச்சல் வந்தது. டயாலிசிஸ் தொடங்கி அரைமணி நேரத்தில் உடம்பு தூக்கிப்போட்டது. ஊசி போட்டு, போர்வை போர்த்தி அனுப்பினார்கள். மூன்றாவது மாதம் மறுபடியும் வந்தது. அப்போதும் ஊசிதான். ரத்தப் பரிசோதனை இல்லை.

மூன்றாவது முறை ஊரிலேயே வந்துவிட்டது. பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில், கையில் நரம்பு கிடைக்கவில்லை என்று கழுத்துக் குழாயின் மூடியைத் திறந்து அதிலேயே குளுக்கோஸ் ஏற்றினார்கள். உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால், டயாலிசிஸ் குழாயில் டிரிப்ஸ் ஏற்றவே கூடாது. உள்ளே நிரப்பியிருக்கும் ஹெபாரின் மொத்தமாக உடம்புக்குள் போய் ரத்தக்கசிவு உண்டாகலாம். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கிருமிக்கு இதயம்வரை கதவு திறக்கிறது. காற்று உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாம் நாள் அண்ணனுக்கு நினைவு தப்பியது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே முதலில் ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துவிட்டுத்தான் ஆன்டிபயாடிக் போட்டார்கள். முன்பே மருந்து போட்டுவிட்டால் என்ன கிருமி என்பது சோதனையில் தெரியாமல் போகலாம் என்று அங்கிருந்த மருத்துவர் விளக்கினார். ரத்தம் முழுக்கக் கிருமி பரவியிருந்தது. குழாயை எடுத்தார்கள். 22 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

உயிர் தப்பியது. ஆனால், வலது கழுத்துச் சிரை சுருங்கிவிட்டது. குழாய் நீண்ட நாள் உரசிக்கொண்டே இருந்தால் இப்படி ஆகும் என்றார்கள். அந்தப் பக்கத்துக் கை இப்போதும் அவ்வப்போது வீங்கும். அந்தக் கையில் இனி ஃபிஸ்டுலா போட முடியாது. டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு கை போவது, நமக்கு ஒரு கிணறு வற்றிப்போவது போல. மிச்சமிருக்கும் இடது கையில் ஃபிஸ்டுலா போட்டு, அது முதிரும்வரை பெர்ம்கேத்தில் ஓட்டினார்கள். இதற்கெல்லாம் ஒரு ஏக்கர் நிலம் ஒத்திக்குப் போனது. இன்னும் திருப்பவில்லை.

தோட்டத்துக்குப் போகலாமா?

வாசகர் கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். டாக்டர் சம்மதித்தால் தோட்டத்துக்குப் போய் நிழலில் உட்காரலாம், தண்ணீர் பாய்வதைப் பார்க்கலாம், ஆட்களிடம் வேலை சொல்லலாம். ஆனால், குழாய் இருக்கும்வரை சில வேலைகள் கூடவே கூடாது.

* முதுகில் மாட்டும் தெளிப்பானைத் தொடவே கூடாது. அதன் வார் சரியாகக் குழாய் இருக்கும் இடத்தில்தான் அழுத்தும். மருந்து நெடியும் வியர்வையும் வேறு.
* வாழைத்தாரைத் தோளில் சுமப்பது, மாட்டைக் கயிறு பிடித்து இழுப்பது, சாணம் அள்ளுவது, கட்டுத்தரை கூட்டுவது வேண்டாம். மாடு ஒரு முறை தலையை ஆட்டினால் குழாய் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.
* ஆறு, குளம், கிணறு, பம்புசெட்டுக் குளியல் வேண்டாம். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்ளலாம். கட்டு நனையக் கூடாது.
* தலை வழியாகப் போடும் பனியன் வேண்டாம். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை நல்லது. தோளில் துண்டு போடும் பழக்கத்தையும் விட வேண்டும். துண்டை இழுக்கும்போது குழாயும் சேர்ந்து வரும்.
* குழாய்க்குப் பக்கத்தில் கத்தரிக்கோல், பிளேடு கொண்டுபோகக் கூடாது. சவரம் செய்யும்போது கவனம்.

கட்டு நனைந்தாலோ, பிரிந்தாலோ, குழாய் வெளியே வரும் இடத்தில் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காமல் போய்க் காட்ட வேண்டும். காய்ச்சலோடு நடுக்கம் வந்தால், இரவு இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும்.

குழாய் முழுதாக வெளியே வந்துவிட்டால் நோயாளியை உடனே படுக்கவையுங்கள். சுத்தமான துணியால் அந்த இடத்தைக் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மறுபடி உள்ளே செருகப் பார்க்காதீர்கள். மூடி மட்டும் விழுந்திருந்தால், குழாயில் உள்ள கிளிப் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையால் குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டயாலிசிஸ் அறையில் பார்க்க வேண்டியவை

குழாயைத் திறக்கும்போதும் மூடும்போதும் டெக்னீஷியனும் நோயாளியும் மாஸ்க் போட்டிருக்க வேண்டும். அவர் கையைச் சுத்தம் செய்து, புதுக் கையுறை மாட்ட வேண்டும். மூடி இருந்த வாய்ப்பகுதியைக் கிருமிநாசினியால் நன்றாகத் தேய்த்துத் துடைக்க வேண்டும். இவை செய்யப்படவில்லை என்றால் கேட்கலாம். சண்டை போட வேண்டியதில்லை. என் அண்ணி, “தம்பி, மாஸ்க் ஒண்ணு குடுங்க, இவருக்கும் போட்டுவிடுறேன்” என்பார். அதிலேயே அந்தப் பையனுக்கும் ஞாபகம் வந்துவிடும்.

இன்னொன்று, கையைக் காப்பாற்றுவது. ஃபிஸ்டுலாவுக்கு எந்தக் கை என்று டாக்டர் சொன்னதும், அந்தக் கையில் ஊசி குத்தவோ, ரத்தம் எடுக்கவோ, டிரிப்ஸ் போடவோ விடாதீர்கள். பெரும்பாலும் வேலைக்கு அதிகம் பயன்படுத்தாத கையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஃபிஸ்டுலா போட்ட பிறகு பி.பி பார்ப்பது, கனம் தூக்குவது, இறுக்கமான வளையல், கயிறு எதுவும் அந்தக் கையில் கூடாது. தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். “போர் மோட்டார் ஓடுறப்ப பைப்புல கை வெச்சா அதிருமே, அப்படி இருக்கு பாப்பா” என்று அண்ணன் எனக்குக் காட்டினார். அந்த அதிர்வு நின்றுபோனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

யார் பொறுப்பு?

இனி இரண்டாவது கேள்வி. விதை வாங்கும்போது ரசீது கேளுங்கள், சான்று அட்டையையும் பையையும் அறுவடைவரை வைத்திருங்கள் என்று வேளாண்மைத் துறையில் நாங்கள் ஓயாமல் சொல்வோம். முளைக்காத விதைக்கு இழப்பீடு கேட்க அதுதான் ஆதாரம். விதைச் சட்டம் தனியாக இருந்தாலும், விவசாயி நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 2012-ம் ஆண்டு தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே நுகர்வோர் ஆணையத்தில்தான் மருத்துவச் சேவை பற்றிய புகாரையும் கொடுக்க முடியும். 1995-ம் ஆண்டு வி.பி.சாந்தா வழக்கின் தீர்ப்பு அதற்கு வழிசெய்தது. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும் அது கட்டணச் சேவைதான் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி இந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்காக அரசு மருத்துவமனைக்குப் பொறுப்பே இல்லை என்று அர்த்தமில்லை. அங்கே நடந்த கவனக்குறைவுக்கு சிவில் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம்.

ஆனால், ஒன்றை மனதில் வையுங்கள். கழுத்துக் குழாயில் தொற்று வந்துவிட்டது என்பதாலேயே அது மருத்துவமனையின் தவறு ஆகிவிடாது. எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் சிலருக்குத் தொற்று வரும். எங்கள் வழக்கறிஞர், அண்ணனின் காகிதங்களை ஒரு சிறுநீரக மருத்துவரிடம் காட்டினார். அவர் சொன்னது: “தொற்று வர்றது வேற. வந்ததைப் பார்க்காம விடுறது வேற.” சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது. அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் செய்திருக்கக் கூடியதை இவர் செய்தாரா? நடுக்கம் வந்தபோது ரத்தத்தைச் சோதித்தார்களா? தற்காலிகக் குழாயை ஏன் மாதக்கணக்கில் விட்டார்கள்? அடுத்த ஏற்பாட்டைப் பற்றி நோயாளியிடம் சொன்னார்களா?

சொல்வதும் ஒரு கடமை. 2008-ம் ஆண்டு சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதம் என்பது வெறும் கையெழுத்து இல்லை என்றது. என்ன செய்யப்போகிறார்கள், எதற்காக, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் போதுமான அளவு சொல்லிவிட்டுத்தான் சம்மதம் வாங்க வேண்டும். உயிர் போகும் அவசரத்தில் இதற்கு விலக்கு உண்டு. அந்த அவசரம் முடிந்த பிறகு நிதானமாக எடுத்துச் சொல்ல நேரம் இருக்கிறது.

டெக்னீஷியனோ நர்ஸோ செய்த தவறுக்கும் மருத்துவமனை பதில் சொல்ல வேண்டும். எந்த ஊழியர் என்று பெயர் சொல்லி நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக நோயாளியின் வழக்கு விழுந்துவிடாது. 2004-ம் ஆண்டு சவிதா கர்க் வழக்கில் இது தெளிவாகியிருக்கிறது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது முதல் வழி இல்லை. மருத்துவர்மீது குற்ற வழக்கு போட, கவனக்குறைவு மிக மோசமானதாக இருக்க வேண்டும், வேறொரு மருத்துவரின் நம்பகமான கருத்தும் வேண்டும் என்று 2005-ம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோபத்தில் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைத்தால், 2008-ம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி ஜாமீனில் வர முடியாத வழக்கில் நாம்தான் மாட்டுவோம். நம் பக்கம் நியாயம் இருந்தாலும் அதோடு போய்விடும்.

நம் பக்கமும் பொறுப்பு இருக்கிறது. டயாலிசிஸைத் தவறவிட்டது, சொன்ன பிறகும் குழாயை நனைத்தது, வேறு இடத்தில் குழாயைத் திறந்து ஊசி போட்டது எல்லாவற்றையும் எதிர்த்தரப்பு எடுத்து வைக்கும். அண்ணன் வழக்கிலும் அந்த குளுக்கோஸைத்தான் முதலில் பேசுகிறார்கள்.

காகிதம் எப்படி வாங்குவது?

அண்ணனின் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டபோது, “ஃபைல் ரெக்கார்டு ரூமில் இருக்கிறது, பிறகு வாருங்கள்” என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். வழக்கறிஞர் சொன்னபடி அண்ணன் எழுத்தில் கேட்டார். ஒரு நகலில் மருத்துவமனையின் முத்திரையை வாங்கிக்கொண்டோம். 2002-ம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். உள்நோயாளியின் பதிவுகளை, சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது நாள் ஃபைல் கைக்கு வந்தது.

படித்துப் பார்த்தால், சம்மதப் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. ஆபத்துகள் என்று போட்டிருந்த இடம் காலியாக இருந்தது. கீழே, நள்ளிரவு 1.40 மணிக்கு அண்ணி போட்ட கையெழுத்து.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடம்தான் அவகாசம். 2019-ம் ஆண்டு சட்டத்தில், ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

அண்ணனுக்கு முதலில் வழக்கில் விருப்பமில்லை. “வாரத்துல மூணு நாள் மெஷினு. நாலாவது நாள் கோர்ட்டா? வேண்டாம் பாப்பா” என்றார். அண்ணிதான் விடவில்லை. “நெலம் போனது போகட்டுங்க. அடுத்து ஒருத்தன் கழுத்துல போடுறப்ப, எப்ப எடுப்போம்னு அவங்க சொல்லணும்ல” என்றார். 2023-ம் ஆண்டு புகார் கொடுத்தோம். இன்னும் நடக்கிறது. அதனால் மருத்துவமனையின் பெயரை நான் எழுதவில்லை. ஜெயிப்போமா என்று வழக்கறிஞராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காகிதம் இருக்கிறது, அதனால் பேச முடிகிறது என்று மட்டும் சொல்கிறார்.

உங்கள் வீட்டில் அல்லது தெருவில் யாருக்காவது கழுத்தில் டயாலிசிஸ் குழாய் இருந்தால், நாளைக்கே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது தற்காலிகக் குழாயா, பெர்ம்கேத்தா? எந்தத் தேதியில் எடுப்பீர்கள்? ஃபிஸ்டுலா எப்போது, எந்தக் கையில்? இரவில் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணில் கூப்பிட வேண்டும்? பதிலை டயாலிசிஸ் நோட்டிலேயே தேதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், ஃபிஸ்டுலா அறுவையை அதில் செய்ய முடியுமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

பிறகு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, சம்மதப் படிவத்தின் நகல், குழாய் பாக்கெட்டில் இருந்த ஸ்டிக்கர், டிஸ்சார்ஜ் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவுகள், பில், டயாலிசிஸ் நோட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். விதை அட்டையில் குவியல் எண்ணும் காலாவதி நாளும் இருப்பது போலவே அந்த ஸ்டிக்கரிலும் இருக்கும். காய்ச்சல் வந்த நாள், நேரம், யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி அதிலேயே வையுங்கள். பட்டா, சிட்டா வைத்திருக்கும் பெட்டியில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள். வழக்குக்கு அது தேவைப்படாமலேயே போகலாம். ஆனால், நள்ளிரவில் வேறொரு ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால், அங்கிருக்கும் டாக்டர் முதலில் கேட்பது அந்தக் கவரைத்தான்.